சலூன்காரரின் வலப்பக்கம்

கத்திரியால் காற்றை நாலு தரம் வெட்டிவிட்டுத்தான் சலூன்காரர் முடியைத் தொடுவார். எதற்கு என்று கேட்டால், "கத்திரி தூங்கிட்டிருக்கும், எழுப்பணும்ல" என்பார். பத்துப் பேர் கேட்டாலும் பத்துப் பேருக்கும் இதே பதில்தான். வெட்டும்போதும் இரண்டு வெட்டு முடிக்கு, ஒரு வெட்டு காற்றுக்கு. சத்தம் நிற்கக்கூடாது. சத்தம் நின்றால் நாற்காலியில் இருப்பவர் கண்ணைத் திறப்பார், கண்ணைத் திறந்தால் கண்ணாடியைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்த்தால் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார். முப்பது வருஷத் தொழிலில் அவர் கண்டுபிடித்தது இது.

கடை பத்தடிக்கு எட்டடி. சாய்கிற நாற்காலி ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு பெஞ்சு. ஒல்லியானவர்கள் என்றால் நாலு பேர், இல்லாவிட்டால் மூன்று பேர். தலைக்கு மேலே ஃபேன். அதன் ஒரு இறக்கை வளைந்துபோய், ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம் போடும். வாசலில் யார் தலை தெரிந்தாலும், "மூணு நிமிஷம், உக்காருங்க" என்று விடுவார். அந்த மூன்று நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடும். கடைத்தெருவில் அவருக்கு 'மூணு நிமிஷம்' என்றே பெயர்.

வயது ஐம்பத்துமூன்று. நின்றே வேலை செய்து காலில் நரம்பு சுருண்டுகிடக்கிறது. உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியாது. வீட்டில் சாப்பிடுவதும் பாதி நேரம் நின்றபடிதான். பேச்சு அதிகம். ஆனால் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், தலைக்குப் பின்னாலிருந்தே பேசிப் பழக்கம். "முகம் பொய் சொல்லும். பிடரி சொல்லாது. கடன்காரனையும் கவலைக்காரனையும் பிடரியைத் தொட்டே சொல்லிடுவேன்" என்பது அவர் பெருமை.

இன்னொரு பெருமை வியாழக்கிழமை. வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கிவிடும். நாற்காலியில் யார் இருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு வக்கீலுக்கு ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் சோப்பு நுரை இருக்கும்போது மணி ஐந்தரை ஆகிவிட்டது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க, பிரார்த்தனை முடிஞ்சு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். வக்கீல் பாதிக் கன்னத்தோடு முக்கால் மணி நேரம் பேப்பர் படித்தார். அந்தக் கதையை வக்கீலே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சலூன்காரர் பக்திமான் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

பிரார்த்தனைக் கூடம் இரண்டு தெரு தள்ளி. தகரக்கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு தாழ்வாரம். உள்ளே நாற்காலி கிடையாது. வரிசையாக நிற்க வேண்டும், தோளோடு தோள். யார் முதலில் வருகிறாரோ அவர் இடது கோடியில், அடுத்து வருபவர் அவருக்கு வலப்பக்கம். பெரியவர், சின்னவர், முதலாளி, கூலி எதுவும் கிடையாது, வந்த வரிசைதான். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கும் நேரமும் கழிவுநீர் லாரிக்காரர் குளித்து முடித்து வந்து நிற்கும் நேரமும் ஒன்றாக அமைந்துபோனது. இருபத்திரண்டு வருஷமாக சலூன்காரருக்கு வலப்பக்கம் நிற்பவர் அவர்தான்.

லாரிக்காரர் வீடுவீடாகப் போய்க் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்கிறவர். லாரி, மோட்டார், முப்பது மீட்டர் ரப்பர் குழாய், முழங்கால் வரை பூட்ஸ். மனிதர் வேலை முடிந்தால் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வெளியே வருவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்குமேல் எதிராளிக்குப் பேச்சு இருக்காது.

கூடத்தில் ஒரு வழக்கம். மாதத்தின் முதல் வியாழக்கிழமை பிரார்த்தனை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் வலப்பக்கம் திரும்பி, பக்கத்து ஆளிடம் கேட்க வேண்டும்: "என்னால உங்களுக்குக் குறை உண்டா?" அவர் "இல்லை" என்பார். கேட்டவர் "நல்லது" என்று சொல்லி முன்னால் திரும்பிக்கொள்வார். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் இது நடக்கும். உண்டா, இல்லை, நல்லது. மழை பெய்து ஓய்ந்ததுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். 'உண்டு' என்று சொன்னால் என்ன ஆகும் என்பது வாசல் பக்கத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. கேட்டவர் வரிசையைவிட்டு விலகித் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும், குறை சொன்னவர் தன் வாயால் 'இல்லை' என்று சொல்லும்வரை. அதுவரை அவர் இடத்தில் வேறு யாரும் நிற்கக்கூடாது. பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. படித்தவர் யாரும் இல்லை, படிக்கத் தேவையும் வந்ததில்லை.

போன வருஷம் ஒரு முதல் வியாழக்கிழமை தேவை வந்தது. சலூன்காரர் வழக்கம்போல் திரும்பினார். வழக்கம்போல் கேட்டார்.

"உண்டு" என்றார் லாரிக்காரர்.

"நல்லது" என்று சொல்லி சலூன்காரர் முன்னால் திரும்பிவிட்டார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு மூச்சு விட்டபிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் போனது. மறுபடி திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"உண்டுன்னேன்."

"எனக்கும் உங்களுக்கும் என்னங்க இருக்கு? பேச்சுவார்த்தைகூட இல்லையே."

"போன புதன்கிழமை முடி வெட்ட வந்தேன். நாற்காலி காலியா இருந்துச்சு. கரண்ட் இல்லைன்னீங்க." லாரிக்காரர் குரலை உயர்த்தவில்லை. "உங்க தலைக்கு மேலே ஃபேன் சுத்திட்டிருந்துச்சு."

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார். சலூன்காரருக்குக் காது மடல் சிவந்தது. அதற்கு முந்தின மாதம் 'ஆள் சொல்லியிருக்காங்க' என்று அனுப்பியது, அதற்கும் முன்னால் ஒருமுறை 'பிளேடு தீர்ந்துபோச்சு' என்று அனுப்பியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது.

கூடத்தை நடத்துகிறவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் பலகையைப் பார்த்தார், சலூன்காரரைப் பார்த்தார், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நான் 'இல்லை' சொல்ல முடியாது. அவர்தான் சொல்லணும். நீங்க கொஞ்சம் வெளியே…" என்று இழுத்தார்.

தாழ்வாரத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று சலூன்காரர் அன்றைய பிரார்த்தனையைக் கேட்டார். ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. நெருக்கி நிற்கும் வரிசையில் லாரிக்காரருக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரி, அவருக்கு ஏன் வெட்டல?"

"உனக்குத் தெரியாதா? அவர் வேலை என்ன? அவருக்குப் போட்ட துணியை அடுத்த ஆளுக்குப் போட்டா எவன் உக்காருவான்? இரும்புக்கடைக்காரர் ஒருத்தர் வர்றதை நிறுத்திட்டாப் போதும், கடைத்தெருவே பஸ் ஸ்டாண்டு ஏசி சலூனுக்குப் போயிடும். அஞ்சு பேர் சாப்பிடணும் நாம."

"இருபது வருஷமா அவர் தோளோட தோள் ஒட்டி நின்னீங்க. அப்ப ஒட்டாதது கத்திரி பிடிச்சாத்தான் ஒட்டுமோ?"

"அது கூடம்டி."

"அதான் தெரியுதே. கூடத்துல கும்பிடறவர் வேற, கடையில கும்பிடறவர் வேற. ரெண்டு பேருக்கும் நான் ஒருத்தியே சோறு வடிக்கிறேன்."

சலூன்காரருக்குப் பேச்சில் யாரிடமும் தோற்றுப் பழக்கமில்லை, மனைவியிடம் தவிர.

சமாதானம் பேசக் கிளம்பினார். லாரி நிறுத்துமிடத்துக்கே போனார். லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சலூன்காரர் வழக்கம்போல் அவர் பின்னால் போய் நின்று, பிடரியைப் பார்த்துப் பேசினார்.

"நானே உங்க வீட்டுக்கு வந்து வெட்டிவிடறேன். சௌகரியமா இருக்கும்."

"வீட்டுல வெட்ட என் மச்சான் இருக்கான். ஒரு பக்கம் ஏறியிருக்கும், ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ஆனா பட்டப்பகல்ல, தெரு பார்க்க வெட்டுவான்."

"அப்ப கடைக்கே வாங்க. கடை சாத்தற நேரமா வாங்க. பாதி ஷட்டர் இறக்கி வச்சிருப்பேன்…"

"பாதி ஷட்டர்னா நான் குனிஞ்சு வரணுமா?"

சலூன்காரர் கையைப் பிசைந்தார். "உங்களுக்குன்னு புதுசா ஒரு துணி வாங்கி வைக்கிறேன். சீப்பு, கத்திரி எல்லாம் தனியா. வேற யாருக்கும் தொடமாட்டேன்."

லாரிக்காரர் குழாயைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "எல்லாருக்கும் போடற துணிதான் எனக்கும். துவைச்சிருந்தாப் போதும்." பிறகு, "உங்க பொழைப்பு எனக்குப் புரியாம இல்லை. நீங்க வெட்ட வேண்டாம். நான் 'இல்லை'ன்னு பொய் சொல்லவும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அப்படியே இருந்தது, நாலு வாரம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கியது. சலூன்காரர் போய்த் தாழ்வாரத்தில் நின்றார். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் போனார். மழை சாய்வாக அடித்த ஒரு வியாழக்கிழமை நனைந்துகொண்டே நின்றார். இத்தனைக்கும் கடையில் வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கூடத்தில் இடம் போனவர் என்று யாரும் அவரிடம் முடி வெட்டாமல் போகவில்லை. அதுதான் அவரை அரித்தது. வெளியே நிற்க வைத்த காரியம் கடையில் வெகு மரியாதையாக நடந்துகொண்டிருந்தது.

அடுத்த முதல் வியாழக்கிழமை வந்தது. தாழ்வாரத்திலிருந்து சலூன்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். உண்டா, இல்லை, நல்லது எல்லாம் ஒரே அலையாக வரவில்லை. நடுநடுவே ஓட்டை விழுந்தது. சற்று நேரத்தில் இரும்புக்கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர்.

இரும்புக்கடைக்காரர் கடைத்தெருவில் பெரிய கை. சனிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு சலூன்காரரிடம் சவரம். அவர் எங்கே உட்காருகிறாரோ அங்கே நாலு வியாபாரிகள் உட்காருவார்கள்.

"உமக்கு என்ன ஆச்சு?" என்றார் சலூன்காரர்.

"எனக்கு வலப்பக்கம் என் கடை மூட்டை தூக்குறவன் வந்து நின்னுட்டான். உண்டுங்கறான். என்னடான்னா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கடையில உக்கார விடமாட்டேங்கறேனாம்."

"விடறதில்லையா?"

"உக்கார்றதுக்கு எதுக்கு வேலைக்கு வரணும்? எல்லாம் உம்மால வந்தது. ஒழுங்கா 'இல்லை, நல்லது'ன்னு ஓடிட்டிருந்த வண்டி. நீர்தான் சக்கரத்தைக் கழட்டி விட்டீர்."

சலூன்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வரிசை பல் விழுந்த வாய்போல் இருந்தது. ஒரு மாமியார், வலப்பக்கம் மருமகள் நிற்கப்போகிறாள் என்று தெரிந்ததும் செருப்பை மறந்துவிட்டதாகச் சொல்லிக் கடைசி வரிசைக்கு நழுவியிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் பிரார்த்தனையை நடத்திக்கொண்டே அடிக்கடி கண்ணாடியைத் துடைத்தார்.

இரும்புக்கடைக்காரர் வியாபாரி. மறுநாளே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார். "இனிமே வேலை இல்லாத நேரம் உக்காரு" என்றார். அடுத்த வியாழக்கிழமை மூட்டை தூக்குகிறவர் 'இல்லை' என்றார். இரும்புக்கடைக்காரர் உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக, எதையோ செய்து எதையோ விட்டு, உள்ளே போனார்கள். மூன்றாவது வாரம் தாழ்வாரத்தில் செருப்புகளும் சலூன்காரரும்தான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை சவரத்துக்கு வந்த இரும்புக்கடைக்காரர், முகத்தில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஸ்டூலோட என் கதை முடிஞ்சுது. உம்ம கதை அப்படியில்லை. லாரிக்காரருக்குப் போடற துணி என் கழுத்துக்கும் வரும், ஞாபகம் வச்சுக்கும். கூடம் கூடம்தான், கடை கடைதான்."

கத்தி அவர் தொண்டைமேல் இருந்தது. சலூன்காரர் மழித்து முடித்தார். காற்றைக்கூட வெட்டவில்லை. ஃபேன் மட்டும் டக், டக் என்றது.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. இருக்கிற மூன்று வெள்ளைத் துணிகளையும் வாளியில் போட்டுத் தானே துவைத்துக் கடை வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டார். பக்கத்துக் கடைக்காரர் "என்ன, வீட்டுல சண்டையா?" என்று கேட்டார். "கத்திரிக்கும் எனக்கும்" என்றார் சலூன்காரர்.

திங்கட்கிழமை லாரியைத் தேடிப் போனார். இந்த முறை சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சனிக்கிழமை காலையில ஒன்பதுக்கு வாங்க."

லாரிக்காரர் யோசித்தார். "அது கூட்ட நேரமாச்சே. இரும்புக்கடைக்காரர் வர்ற நேரம்."

"ஆமா."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா சொல்லமாட்டேன். அதான் இப்பவே சொல்லிட்டேன். வாங்க."

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே லாரிக்காரர் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, தலை ஈரம். பெஞ்சில் ஏற்கனவே இரண்டு பேர். ஒருவர் ரிட்டையரான தபால்காரர், மற்றவர் பாத்திரக்கடைக்காரர். நாற்காலியில் இருந்த ஆள் எழுந்ததும், சலூன்காரர் தபால்காரரிடம், "பெரியவரே, இவருக்கு நான் நேரம் சொல்லியிருந்தேன். அடுத்தது நீங்க" என்றார். தபால்காரர் சரி என்று தலையாட்டினார்.

லாரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்பு பாதிதான் நாற்காலியில் இருந்தது. "நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நாற்காலி தாங்கும்" என்றார் சலூன்காரர். வெள்ளைத் துணியை உதறிப் போர்த்திப் பின்கழுத்தில் முடிந்தார். ஒரு தடவை அவிழ்த்து மறுபடி முடிந்தார். காற்றை நாலு தரம் வெட்டினார்.

வாசலில் இரும்புக்கடைக்காரர் வந்து நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். நாற்காலியில் யார் என்று கண்ணாடியில் பார்த்தார். சலூன்காரரும் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். கத்திரி நின்றது. லாரிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"உக்காருங்க" என்றார் சலூன்காரர். மூன்று நிமிஷம் என்று சொல்லவில்லை.

இரும்புக்கடைக்காரர் படியிலிருந்த காலையும் எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் பாத்திரக்கடைக்காரரும், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எழுந்து போனார். பெஞ்சு ஆட்டம் கண்டு அடங்கியது. தபால்காரர் நடுவில் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்தது நான்தானே?" என்றார்.

"நீங்கதான் பெரியவரே."

கத்திரி மறுபடி ஓட ஆரம்பித்தது. மச்சான் வெட்டிய மேடு பள்ளமெல்லாம் மெல்லச் சமமானது. "இவ்வளவு நல்ல முடியை இப்படிக் கொதறி வச்சிருக்காரே உங்க மச்சான், அவருக்கு என்ன கோபம் உங்க மேல?" என்று சலூன்காரர் கேட்டார். "தங்கச்சியைக் கொடுத்த கோபம்" என்றார் லாரிக்காரர். பின்னால் தபால்காரர் சிரித்தார். பிடரி ஓரத்தில் தண்ணீர் தொட்டுப் புது பிளேடால் கோடு இழுத்தார் சலூன்காரர். பவுடர் போட்ட பிரஷ்ஷால் கழுத்தைத் துடைத்தார். பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதுபோல் கேட்டார்.

"எப்படி இருக்கு? பாருங்க."

லாரிக்காரர் கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவசரப்படவில்லை. பணம் கொடுத்து வெட்டிக்கொள்கிற எந்த மனிதரும் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இடது கிருதா ஒரு நூல் இறங்கியிருக்கு" என்றார்.

சலூன்காரர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். சுருண்ட நரம்புக் கால்களை மடக்கி, நாற்காலியின் உயரத்துக்குக் குனிந்தார். இரண்டு விரலால் லாரிக்காரரின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் முகத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, இரண்டு கிருதாவையும் வெகுநேரம் அளவு பார்த்தார்.